நியமமும் அடுப்படியும்: மல்லாவியை முன்வைத்து மனைப்பொருளியற் பாடத் திட்டமிடல்

மனைப்பொருளியல் என்பது ஒரு குடும்பம் தன்னிடமுள்ள பணம், நேரம், உழைப்பு, நீர், எரிபொருள், அறிவு ஆகிய வளங்களைக் கொண்டு உணவையும் உடையையும் உறையுளையும் உடல்நலத்தையும் எவ்வாறு பேணிக்கொள்கிறது என்பதை ஆராயும் பாடமாகும். இலங்கைப் பாடசாலைகளில் 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்னும் பொதுப்பாடத்தினூடாக அதன் சில கூறுகள் அறிமுகமாகின்றன. 10 ஆம், 11 ஆம் தரங்களில் க.பொ.த. சாதாரண தரத்துக்கான தெரிவுப் பாடங்களுள் ஒன்றாக, விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் முதலியவற்றோடு ஒரே தொகுதியில் அது வைக்கப்பட்டிருக்கிறது; உயர்தரத்திலும் அதைக் கற்கலாம். இவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருந்தும், வேறு பாடத்துக்குத் தகுதி பெறாத மாணவியருக்கான பாடம் என்ற எண்ணம் பெற்றோரிடமும் பாடசாலை நிருவாகத்திடமும் இன்றுவரை விலகவில்லை. பாடம் எளிதாக இருப்பதனால் அந்த எண்ணம் பிறந்ததா, எண்ணம் இருப்பதனால் பாடம் எளிதாக்கப்பட்டதா என்பது பிரித்தறிய முடியாத அளவுக்குப் பின்னிக் கிடக்கிறது. ஆயினும் வகுப்பறையில் மாற்றக்கூடியது பாடமே என்பதால், அப்பாடத்தை நியமங்களுக்கு அமையக் கண்டிப்போடு திட்டமிடுவது எவ்வாறு என்ற வினாவை முல்லைத்தீவு மாவட்டத்தின் மல்லாவியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மல்லாவியைத் தெரிவுசெய்வதற்குக் காரணம் உண்டு. மாங்குளத்திலிருந்து மேற்கே செல்லும் வீதியில், துணுக்காய்ப் பிரதேசத்தின் கடைத்தெருவாகவும் நிருவாக மையமாகவும் விளங்கும் இவ்வூர், வவுனிக்குளத்தின் நீரையும் வானம் பார்த்த மேட்டுநிலத்தையும் நம்பி வாழும் குடியேற்றக் கிராமங்களின் நடுவே இருக்கிறது. நெல்லும் உழுந்தும் பயறும் கௌபியும் கச்சானும் விளையும் நிலம் இது; குளத்து மீனும் காட்டுத் தேனும் பாலைப்பழமும் பருவத்தில் கிடைக்கும். 1990 களின் நடுப்பகுதிக்குப் பின்னர் இடம்பெயர்ந்து வந்த மக்களையும் நிறுவனங்களையும் இவ்வூர் தாங்கியது. 2008 இல் ஊரே இடம்பெயர்ந்தது. 2009 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மக்கள் மீளக் குடியேறினர். போருக்குப் பின் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பெருகிய இத்தகைய இடத்தில், ஒரு குடும்பம் தன் வளத்தை எவ்வாறு ஆள்கிறது என்னும் கேள்வி பாடநூலுக்குள் அடங்கிவிடுவதில்லை. அதற்குச் சரியான விடை தெரிந்திருப்பதும் தெரியாதிருப்பதும் அடுத்த போகத்தின் விதைநெல் வரை சென்று தாக்கும்.

முன்னர் நடந்த முயற்சியும் அதன் பாடமும்

தொழிலோடு இணைந்த கல்வி இலங்கைக்குப் புதிதன்று. 1930 களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்விக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் கிராமத்து வாழ்வைப் பாடசாலைக் கலைத்திட்டத்தின் மையமாக்க முயன்றது. அதனினும் பெரிய முயற்சி 1972 இல் வந்தது. பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த அச்சீர்திருத்தம், கனிட்ட இடைநிலை வகுப்புகளில் படிக்கும் எல்லா மாணவருக்கும் தொழின்முன்னிலைக் கல்வி என்னும் பாடத்தைக் கட்டாயமாக்கி, அந்தந்த ஊரின் தொழில்களை ஆராய்ந்து கற்கும்படி பணித்தது, க.பொ.த. சாதாரண தரத்தின் இடத்தில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையை வைத்தது. அப்பரீட்சை முதன்முறையாக 1975 இல் நடந்தது. 1977 இல் ஆட்சி மாறியதும் பழைய பரீட்சை திரும்பியது, தொழின்முன்னிலைக் கல்வி மறைந்தது.

இத்தோல்வியை அரசியல் மாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. 1976 இல் வெளிவந்த தமது நூலில் சமூகவியலாளர் ரொனால்ட் டோர், பின்தங்கித் தொழில்மயமாகும் நாடுகளில் கல்வி முழுவதும் சான்றிதழைத் தேடும் ஓட்டமாகச் சுருங்கிவிடுவதை ஒரு நோயாக விவரித்தபோது, எடுத்துக்கொண்ட நான்கு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அதற்கு முன்னரே, 1965 இல், கானாவை ஆராய்ந்த பிலிப் பொஸ்டர், பாடசாலையில் விவசாயம் கற்பித்தால் மாணவர் விவசாயத்தை நாடுவர் என்பது மாயை என்றும், எந்தத் தொழிலுக்கு எவ்வளவு ஊதியமும் மதிப்பும் கிடைக்கின்றன என்பதைப் பார்த்தே இளைஞர் முடிவெடுக்கின்றனர் என்றும் காட்டியிருந்தார். வடமாகாணத் தமிழ்ப் பெற்றோரைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழி, மாவட்ட அடிப்படையில் மாற்றியமைத்த தரப்படுத்தல் புகுந்த அதே ஆண்டுகளில் தொழின்முன்னிலைக் கல்வியும் வந்ததால், பெரிய கதவைச் சாத்திவிட்டுச் சிறிய கதவைத் திறப்பதாக அதை ஐயத்தோடு பார்க்க இடமிருந்தது. ஏழைக்கு ஏழைத் தொழிலும் மற்றவருக்குப் பல்கலைக்கழகமும் என்று பிரிக்கும் எந்தக் கலைத்திட்டத்தையும் மக்கள் நிராகரிப்பர். நிராகரிப்பது நியாயமும் ஆகும். ஆகவே மல்லாவியில் மனைப்பொருளியலையும் தொழில் வழிகாட்டலையும் திட்டமிடுவோர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டிய நிபந்தனை, அப்பாடம் உயர்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஒரே நேரத்தில் ஆயத்தப்படுத்துவதாக, அதாவது கடினமானதாக, இருக்க வேண்டும் என்பதே.

நியமம் எங்கே முடிகிறது, பாடம் எங்கே தொடங்குகிறது

நியமம் என்பது ஒரு மாணவர் குறித்த கட்டத்தின் முடிவில் என்ன அறிந்திருக்க வேண்டும், என்ன செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்று பொதுவில் உடன்பட்டு எழுதப்பட்ட எதிர்பார்ப்பு. இலங்கையில் 2007 இலிருந்து கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்த தேர்ச்சி மையக் கலைத்திட்டத்தில், மஹரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் பாடத்திட்டம் ஒவ்வொன்றும் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு, பாடவேளை என்னும் நிரல்களாக இந்த எதிர்பார்ப்பை வகுத்துத் தருகிறது. ஆகவே மல்லாவி ஆசிரியருக்கு நியமம் இல்லை என்ற குறை இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘விளக்குவார்’, ‘எடுத்துரைப்பார்’, ‘முக்கியத்துவத்தை உணர்வார்’ என்று முடியும் கற்றற் பேறு, எவ்வளவு விளக்கினால் போதும், எதைக் காட்டினால் உணர்ந்ததாகக் கொள்ளலாம் என்று சொல்வதில்லை. அவ்வெல்லை எழுதப்படாத இடத்தில் பரீட்சை அதை எழுதிவிடுகிறது. சாதாரண தரத்தில் மனைப்பொருளியல் இரண்டு வினாத்தாள்களைக் கொண்ட எழுத்துப் பரீட்சை. மாணவி கையால் செய்வதைப் பரீட்சகர் காண்பதில்லை. எனவே மா பிசையாமலே மா பிசைவதன் படிகளை மனனஞ்செய்து முழுப்புள்ளி பெற முடிகிறது.

இக்குறைக்குத் திட்டமிடலில் ஒரு மருந்து உண்டு. 1998 இல் கிராண்ட் விக்கின்சும் ஜே மக்ரையும் விளக்கிய பின்னோக்கிய திட்டமிடல், முதலில் பேற்றையும், அடுத்து அப்பேறு கிடைத்ததற்கு எதைச் சான்றாக ஏற்பது என்பதையும், கடைசியாகவே வகுப்பில் நடக்கும் செயல்களையும் தீர்மானிக்கச் சொல்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் இவ்வொழுங்கைத் தலைகீழாகவே கடைப்பிடிக்கின்றனர்: ஒரு நல்ல செயற்பாடு கைக்குக் கிடைக்கிறது, அது நடக்கிறது, பிள்ளைகள் மகிழ்கின்றனர், கடைசியில் பாடக்குறிப்பில் அதற்கு ஏற்ற தேர்ச்சி எண் தேடிப் போடப்படுகிறது. சான்றை முன்வைக்கும் இந்நோக்கு மனைப்பொருளியலுக்குப் புதிதன்று. 1899 இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட் மாநாட்டில் எலன் சுவாலோ ரிச்சர்ட்சும் அவரது தோழர்களும் இத்துறைக்கு வடிவம் கொடுத்தபோது, வீட்டின் நீரையும் உணவையும் காற்றையும் ஆய்வுகூட அறிவியலால் அணுகுவதே நோக்கமாக இருந்தது. ரிச்சர்ட்ஸ் நீரின் தூய்மையைப் பகுப்பாய்வதில் தேர்ந்த இரசாயனவியலாளர். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1998 இல், அமெரிக்காவில் இப்பாடத்துக்கென வகுக்கப்பட்ட தேசிய நியமங்கள், தொழில், சமூகம், குடும்பம் ஆகியவற்றின் இணைப்பை முதலாவது பரப்பாக வைத்தன. எல்லாப் பரப்புகளுக்கும் பொதுவாக, ஒரு செயலைச் செய்யுமுன் அதற்கான நியாயத்தை ஆராய்ந்து காட்டும் திறன் அந்நியமங்களில் தனியொரு நியமமாக இடம்பெறுகிறது. பாடத்தின் கண்டிப்பு எவ்வளவு சமைக்கிறார்கள் என்பதில் இல்லை, ஏன் அப்படிச் சமைக்க வேண்டும் என்பதற்கு மாணவர் தரும் ஆதாரத்தில் இருக்கிறது என்ற இந்த நிலைப்பாடே மல்லாவிக்கும் பொருந்துவது.

கௌபியும் கிணற்று நீரும்

இதை ஓர் எடுத்துக்காட்டால் விரித்துக் காண்பது நன்று. 10 ஆம் தரத்தில் அவரையினத் தானியங்களைத் தயாரித்தல் என்ற பகுதி வருகிறது என்று கொள்வோம். வழமையான பாடத்தில் ஆசிரியர் அவற்றின் புரத அளவைச் சொல்வார், ஊறவைத்தால் விரைவில் அவியும் என்பார், மாணவியர் கௌபி அவித்துத் தேங்காய்ப்பூவும் சம்பலும் சேர்த்துப் பரிமாறுவர். சுவையான பாடம்தான், ஆனால் அதில் பிழையாகப் போகக்கூடிய எதுவும் இல்லாததால் அறிவதற்கும் அதிகம் இல்லை.

மல்லாவி அடங்கும் வன்னியின் பல கிணறுகளில் நீர் வன்மையானது. வன்னீர் என்பது கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிவதும் அதன் அடையாளங்கள். தானிய விதையின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டின் என்னும் பொருள் சூட்டில் கரைந்து விலகும்போதே விதை மென்மையாகிறது. நீரிலுள்ள கல்சியம் அப்பெக்டினைப் பற்றிக் கரையவிடாமல் இறுக்குவதால் வன்னீரில் விதை அவிய நேரம் பிடிக்கும். வன்மையில் ஒரு பகுதி இருகாபனேற்றுகளால் ஆனது; நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தெளிவை இறுத்தெடுத்தால் அப்பகுதி நீங்கும். எஞ்சியது நிலையான வன்மை; அது கொதித்தாலும் போகாது. வீட்டில் அவிவதற்குத் தாமதமானால் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுவதுண்டு. அது விதையை மென்மையாக்கும். ஆனால் அக்காரநிலை தயமின் என்னும் விற்றமின் பி1 ஐ அழிக்கும். ஆகவே எரிபொருளை மிச்சப்படுத்துவதா, போசணையைக் காப்பதா என்பது உண்மையான ஒரு தெரிவாகிறது.

பாடம் இவ்விடத்தில் தொடங்கலாம். கற்றற் பேறு இவ்வாறு எழுதப்படும்: தமது ஊர் நீரின் தன்மை அவரையினத் தானியம் அவியும் நேரத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அளந்து, பெற்ற தரவைக் கொண்டு ஒரு குடும்பத்துக்குரிய சமையல் முறையைப் பரிந்துரைத்து, அப்பரிந்துரையின் எல்லையையும் கூறுவார். ஒரே விளைச்சலிலிருந்து எடுத்த கௌபி, குழுவொன்றுக்கு 100 கிராம். ஒன்று கிணற்று நீரில், ஒன்று கொதிக்கவைத்துத் தெளியவிட்ட கிணற்று நீரில், ஒன்று மாரியில் சேமித்த மழைநீரில், ஒரே கால அளவு முதல்நாள் இரவே ஊறவைக்கப்படுகிறது. மறுநாள் காலையில் ஒவ்வொன்றையும் வடித்து நிறுத்து, எவ்வளவு நீரை உறிஞ்சியது என்று குறிக்க வேண்டும். பின்னர் ஒரே அளவு நீரில், ஒரே வகைப் பாத்திரத்தில், மூடியிட்டு அவித்து, கொதி வந்ததிலிருந்து பத்து நிமிடத்துக்கொருமுறை பத்து விதையை எடுத்து விரலிடையே நசுக்கி, எத்தனை விதை நடுவில் கட்டியில்லாமல் மசிகிறது என்று பதிவு செய்ய வேண்டும். அடுப்பு ஒன்றே இருக்கும் பாடசாலையில் மூன்றையும் ஒரே வேளையில் ஒரே சூட்டில் வைக்க முடியாது. அக்குறையை மறைக்காமல், அது முடிவை எப்படிப் பாதித்திருக்கும் என்று எழுதச் சொல்வதே பாடத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

எதிர்பார்த்த முடிவு வராமற்போகும் நாள்தான் ஆசிரியருக்கு உகந்த நாள். மூன்று நீரிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அவிந்தால், அந்தக் கிணற்றின் வன்மை குறைவா, அல்லது விதை புதியதால் நீரின் வேறுபாடு தெரியவில்லையா? மாறாக மூன்றும் அவிய மறுத்தால், சென்ற ஆண்டு விதையைச் சூடும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் வைத்ததால் அது இறுகிவிட்டதா? இக்கேள்விகளை எழுப்பும் மாணவி, பாடநூலில் உள்ளதை ஒப்புவிக்கும் மாணவியைவிட ஒரு படி மேலே நிற்கிறார். அதேபோல முடிவை மிகையாக்காமல் நிறுத்தவும் கற்க வேண்டும். வன்னீரே சிறுநீரக நோயைத் தருகிறது என்ற பேச்சு உலர்வலயமெங்கும் உண்டு. 1990 களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டுவரும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்குப் பல காரணிகள் ஆராயப்படுகின்றன, உறுதியான காரணம் நிறுவப்படவில்லை. கௌபி அவித்து அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்வது, பதின்ம வயதினர் பழகவேண்டிய அறிவு நேர்மை.

அளவை பற்றியும் ஒரு குறிப்பு. வன்னி வீடுகளில் அரிசியும் தானியமும் சுண்டாலும் கொத்தாலும் அளக்கப்படுகின்றன. பாடநூல் கிராமில் பேசுகிறது. ஒரு சுண்டு கௌபியும் ஒரு சுண்டு எள்ளும் ஒரே நிறை கொள்ளா என்பதை நிறுத்துப் பார்த்து, தத்தம் வீட்டுச் சுண்டுக்கு ஓர் அட்டவணை தயாரிக்கும் பயிற்சி, போசணை அட்டவணையைப் பயன்படுத்துவதற்கு இன்றியமையாத முன்படி. தராசு ஒன்றும் பேணி ஒன்றும் இருந்தால் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

இச்செயலுக்குப் புள்ளியிடுவது எவ்வாறு என்பது இங்கே தீர்மானமாக வேண்டும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில், அதாவது ஆசிரியரே தவணைதோறும் வகுப்பில் செய்து பதிவிடும் கணிப்பீட்டில், மிக நன்று, நன்று, சாதாரணம், விருத்தியடைய வேண்டும் என நான்கு முதல் ஒன்று வரை புள்ளியிடும் வழக்கம் உண்டு. ‘ஒத்துழைப்பு’, ‘சுத்தம்’, ‘ஆர்வம்’ என்று பொதுவாக அமைந்த நியதிகளுக்கு அப்புள்ளிகளை வழங்கினால், நடத்தை நல்ல பிள்ளைக்கு நான்கும் குறும்புக்காரப் பிள்ளைக்கு இரண்டும் கிடைப்பதோடு முடிந்துவிடும். மேற்சொன்ன பாடத்துக்கு நான்கு புள்ளி பெறும் அறிக்கை, தரவை அலகோடு அட்டவணையாக்கி, முடிவைத் தரவோடு இணைத்து, சோதனையின் ஒரு குறையையாவது அதன் விளைவோடு சேர்த்துக் கூறியிருக்க வேண்டும். குறையைக் கூறாமல் முடிவைச் சரியாக எழுதியது மூன்று. தரவு இருந்தும் முடிவு பாடநூலிலிருந்து வந்திருந்தால் இரண்டு. இவ்வளவு திட்டவட்டமாக முன்கூட்டியே மாணவர் கையில் கொடுத்துவிட்டால், எதற்காக உழைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடனும் சம்பளமும்

வளமுகாமைத்துவம் என்னும் பகுதிக்குக் குடும்ப வரவுசெலவுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கச் சொல்வதே வழமை. வருமானத்தை இத்தனை வீதம் உணவுக்கு, இத்தனை வீதம் சேமிப்புக்கு என்று பிரிக்கும் அப்பயிற்சி, மாதச் சம்பளம் வரும் வீட்டைக் கற்பனை செய்கிறது. காலபோக அறுவடையிலும் கூலிவேலை கிடைத்த நாளிலும் பணம் வரும் மல்லாவிக் குடும்பத்தை அது காண்பதில்லை. அத்துடன் போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் பரவிய நுண்கடன், குழுவாகப் பெண்கள் பிணைநின்று கிழமைதோறும் தவணை கட்டும் முறையில் பல குடும்பங்களைப் பெருந்துன்பத்துக்கு உள்ளாக்கியது. 2018 இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடனைப் பெற்றுத் திருப்பிச் செலுத்த முடியாதிருந்த பெண்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. இதைப் பேசாத வளமுகாமைத்துவப் பாடம் இம்மாவட்டத்தில் முழுமை பெறாது.

பாடத்துக்குரிய கணக்கு எளிமையாகத் தோன்றும். 50,000 ரூபா கடன். ஆண்டு வட்டி 24 வீதம், அது முதலில் எடுத்த தொகை முழுவதற்கும் கணக்கிடப்படுகிறது. 52 கிழமைகளில் சமதவணையாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்குச் சுமார் 1,192 ரூபா. மாணவர் இதுவரை தயங்காமல் வருவர். அடுத்த கேள்விதான் பாடம்: ஆண்டு முழுவதும் அந்த 50,000 ரூபா கடனாளியின் கையில் இருந்ததா? ஒவ்வொரு கிழமையும் முதலில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போவதால், சராசரியாக அவர் கையில் இருந்தது 25,500 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. அத்தொகைக்கு 12,000 ரூபா வட்டி என்றால், எளிய கணிப்பில் 47 வீதம். குறைந்து செல்லும் மீதிக்குக் கிழமைதோறும் வட்டி கணக்கிட்டுத் துல்லியமாகப் போட்டால் சுமார் 44 வீதம். கடன் கொடுக்கும்போதே ஆவணக் கட்டணமும் காப்புறுதியும் என்று 2,000 ரூபா கழிக்கப்பட்டிருந்தால், அதே 24 வீதக் கடனின் மெய்யான வட்டி சுமார் 53 வீதத்தைத் தொடுகிறது. இதே தொகையை நகையை வங்கியில் அடைவு வைத்துப் பெறுவதோடும், சீட்டுப் பிடித்துப் பெறுவதோடும் ஒப்பிட்டு, எந்த நிலையில் எது தாங்கக்கூடியது என்று நியாயங்காட்டி எழுதுவது கணிப்பீட்டுப் பணியாகலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும்: மாணவர் வீட்டுக் கடன் அட்டையை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லக் கூடாது. ஆசிரியர் அமைத்த மாதிரிக் கணக்கே போதுமானது. ஒரு தாயின் கடன் அவரது பிள்ளையின் வகுப்புத் தோழருக்குத் தெரிய வேண்டிய செய்தியன்று.

தொழில் வழிகாட்டலும் இதே அளவுக்குத் திட்டவட்டமாக வேண்டும். ‘எனது எதிர்கால இலட்சியம்’ என்று கட்டுரை எழுதவைத்து, வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர் என்ற விடைகளைச் சேர்ப்பது எவருக்கும் வழிகாட்டுவதில்லை. கிளிநொச்சியில் போருக்குப் பின் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகளில் வன்னிக் கிராமத்து இளம்பெண்கள் வேலை செய்கின்றனர். அப்படியெனில் ஒரு சம்பளத் துண்டை வாசிக்கத் தெரிவது 11 ஆம் தர மாணவருக்குரிய நியமம் ஆகலாம்: ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதமும் தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 வீதமும் செலுத்த வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியின் பெயரில் சம்பளத்தில் கழிவு விழுந்திருந்தால் அது தவறு என்று கண்டுபிடிக்க இந்த அறிவு போதும். ஆடை தைத்தலில் தையல் விளிம்பின் அகலத்தை அளந்து, குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகலை ஏற்கலாம் என்று தீர்மானிக்கும் பயிற்சியும் இதனோடு சேரும். தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாடும் பாடசாலையின் மனைப்பொருளியல் அறையும் அங்கே ஒரே அளவுநாடாவைப் பயன்படுத்துகின்றன.

பாடசாலைக்கு அப்பாலும் ஒரு நியமத் தொகுதி உண்டு. தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் ஒன்றாம் மட்டத்திலிருந்து ஏழாம் மட்டம் வரை செல்கிறது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழு பட்டத்துக்குச் சமமானது. ஒவ்வொரு தொழிலுக்கும் தேசிய தேர்ச்சி நியமம் எழுதப்பட்டிருக்கிறது. அது கேட்பது, இன்ன வேலையை இன்ன நிலையில் இன்ன தரத்தில் செய்துகாட்டுவாரா என்பதை. கற்ற இடம் எதுவாயினும், அனுபவத்தால் பெற்ற திறனைக் கணிப்பிட்டுத் தகைமை வழங்கும் ஏற்பாடும் அச்சட்டகத்தில் உண்டு. பல ஆண்டுகளாகத் தைத்தும் சமைத்தும் வாழ்ந்த ஒரு தாய்க்கும் அது திறந்திருக்கிறது. 2016 இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும், அதே அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்களும் மல்லாவியிலிருந்து தொலைவில் இல்லை. மாணவர் முன் இவ்விரண்டு வழிகளின் நுழைவுத் தகைமையும் கால அளவும் செலவும் ஒரே தாளில் வைக்கப்பட வேண்டும். அத்தாளில் முல்லைத்தீவு கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுவதால் பல்கலைக்கழக அனுமதியில் அதற்குள்ள தனி ஒதுக்கீடும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உரிமையை அறியாத பிள்ளை அதைக் கேட்பதில்லை.

ஆண்பிள்ளைகளும் ஆசிரியர்களும்

ஜப்பானில் மனையியல் 1993 இல் கனிட்ட இடைநிலையிலும் 1994 இல் சிரேட்ட இடைநிலையிலும் ஆண், பெண் இருபாலாருக்கும் கட்டாயமாயிற்று. இலங்கையில் ஆண்பிள்ளைகள் மனைப்பொருளியலைத் தெரிவதற்குச் சட்டத்தடை ஏதும் இல்லை. வழக்கமே தடையாக நிற்கிறது. கடன் கணக்கும் நீரின் வன்மையும் சம்பளத் துண்டும் பாடத்தின் முகப்பில் வந்தால் அவ்வழக்கம் தளர வாய்ப்புண்டு. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் மிகுந்த ஒரு பிரதேசத்தில் ஆண்பிள்ளைகள் இப்பாடத்திலிருந்து விலகி நிற்பது பாடத்துக்கும் இழப்பு, அடுத்த தலைமுறைக் குடும்பங்களுக்கும் இழப்பு.

நேரத்தைப் பற்றிய இடர்ப்பாடு மெய்யானது. ஒரு பாடவேளைக்குள் கௌபி அவியாது. கிழமையில் ஒருமுறையாவது இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வைப்பது நேரசூசி தயாரிக்கும் அதிபரின் கையில் இருக்கிறது. விதை ஊறுவதையும் நீர் சேகரிப்பதையும் வீட்டுக்கு விட்டால் வகுப்பு நேரம் மீதமாகும். பருவத்தையும் கணக்கிலெடுக்க வேண்டும்: மாரி ஓய்ந்து புதுக் கௌபியும் கச்சானும் வீட்டுக்கு வரும் முதலாந் தவணையில், மழைநீரும் புது விதையும் ஒருங்கே கிடைக்கும்போது இப்பாடம் நடந்தால், வாங்க வேண்டியது அநேகமாக எதுவும் இராது. பாலைப்பழக் காலத்துக்கு உணவு நற்காப்பைத் தள்ளிவைக்கலாம். பாடத்திட்டத்தின் ஒழுங்கு மாறினாலும் தேர்ச்சி மட்டம் மாறாது.

மிகுந்த கவனம் கேட்பது புள்ளியிடலின் சமநிலை. ஒரே அறிக்கைக்கு மல்லாவியில் ஓர் ஆசிரியர் நான்கும் பாண்டியன்குளத்தில் இன்னோர் ஆசிரியர் இரண்டும் இடுவாராயின், நியமம் என்ற சொல்லுக்கு அங்கே பொருளில்லை. துணுக்காய்க் கல்வி வலயத்தின் மனைப்பொருளியல் ஆசிரியர்கள் தவணைக்கொருமுறை கூடி, பெயர் மறைத்த சில மாணவர் அறிக்கைகளை ஒவ்வொருவரும் தனித்தனியே திருத்தி, புள்ளிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த நியதியில் கருத்து பிரிகிறது என்பது உடனே தெரியவரும். பிரிகின்ற இடத்தில் ஆசிரியரைக் குறைகாண்பதை விட்டு, அந்த நியதியின் சொற்களைத் திருத்தி எழுத வேண்டும். ‘தரவைத் தெளிவாக முன்வைத்துள்ளார்’ என்றிருந்ததை ‘ஒவ்வொரு அளவீட்டையும் அலகோடும் நேரத்தோடும் அட்டவணையில் தந்துள்ளார்’ என்று மாற்ற வேண்டும். திருத்திய நியதிகளை அடுத்த தவணை தொடங்குமுன் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே தாளாக அனுப்பிவிடலாம். அதற்குத் தேவைப்படுவது வலயக் கல்விப் பணிமனையில் ஒரு பிற்பகலும், அதற்கு வரும் ஆசிரியர்களுக்குக் கடமை விடுவிப்புக் கடிதமும், திரும்பிப் போகப் பேருந்து கிடைக்கும் வேளைக்குள் கூட்டத்தை முடிக்கும் அக்கறையுமே.